ஆறு பத்துக்குப் புறப்படும் வேன்

“வர்ற ஞாயித்துக்கிழம எல்லாரும் ஒருக்கா நேர்ல சந்திப்போமா?” என்று நிஷாந்தினி கேட்டிருந்தாள். அதுவரைக்கும் கேடு ஒன்றுமில்லை. அதற்குக் கீழே விமலநாதன் ஐயா, “ஓம், நல்ல யோசினை. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பேராதனைப் பூங்காவுக்கு வாங்கோ” என்று எழுதிவிட்டார். அதைப் படித்ததும்தான் கிருஷ்ணராஜுக்கு மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது.

பல்லேகலயிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் போனை வைத்துக்கொண்டு அவன் அதை நாலு தடவை படித்தான். நாலு தடவையும் ‘பிள்ளையளையும்’ என்றுதான் இருந்தது.

அது “பெரியதம்பி வேன் – காலை” என்கிற வட்ஸ்அப் குழு. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்காக வேன்காரர் தொடங்கியது. கிருஷ்ணராஜ் அதில் இரண்டு வருஷத்துக்கு மேலாக இருக்கிறான். அவனுடைய மகன் கவின் நாலாம் ஆண்டு படிக்கிறான். எல்லாம் சரி. கவின் என்று ஒருவன் இல்லை என்பது ஒன்றுதான் குறை. கிருஷ்ணராஜுக்கு வயது முப்பத்தொன்பது, கல்யாணமே ஆகவில்லை.

ஆள் பொய்க்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. கையுறை செய்யும் தொழிற்சாலையில் அவன் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. கையுறைக்கு ஐந்து விரலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, தன் வாழ்க்கையையும் விரல் விரலாகப் பிரித்து வைத்திருந்தான். பேஸ்புக் சொந்தக்காரர்களுக்கு. அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் வத்தேகமயில், மீதிப் பேர் வெளிநாட்டில். கல்யாணப் படத்துக்கு ஒரு இதயம், சாவுச் செய்திக்கு ஒரு கூப்பிய கை, அதோடு உறவுமுறை முடிந்தது. லிங்க்டின் உத்தியோகத்துக்கு. அங்கே எண்ணூற்றுப் பதினாலு பேருடன் தொடர்பு. வேலையில் சேர்ந்த தேதிக்கு வருஷா வருஷம் வாழ்த்து வந்து குவியும். பிறந்த நாளுக்கு ஒன்றும் வராது, அது உத்தியோகம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவே.

வட்ஸ்அப்பைச் சிநேகிதர்களுக்கென்று ஒதுக்கியிருந்தான். இருந்தது மூன்று பேர். ஒருவன் கட்டாருக்குப் போனான், ஒருவன் கனடாவுக்குப் போனான், மூன்றாமவன் கல்யாணம் செய்துகொண்டு அதைவிடத் தூரம் போய்விட்டான். இடம் காலியாகக் கிடந்தது.

அந்தக் காலி இடத்தில்தான், ஒரு ஜனவரி மாதக் காலையில், முன்பின் தெரியாத பெரியதம்பி அவனைக் குழுவில் சேர்த்துவிட்டார். வேறு யாருடைய நம்பரிலோ ஒரு இலக்கம் பிசகியிருக்க வேண்டும். ‘ஆள் மாறிப்போச்சு’ என்று எழுத அவன் விரலை எடுத்த அதே நேரம், விமலநாதன் என்கிற முகம் தெரியாத ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், “புதுசாய் வந்த தம்பி, காலமைச் சாப்பாடு ஆச்சுதோ?” என்று கேட்டார்.

கிருஷ்ணராஜை அப்படி ஒருவர் கேட்டு ஒன்றரை வருஷமாகியிருந்தது. “சாப்ட்டேன் ஐயா” என்று எழுதினான். சாப்பிட்டிருக்கவில்லை. அதுதான் முதல் பொய். உடனே நிஷாந்தினி, “ஒங்க புள்ள எத்தனையாம் ஆண்டு அண்ணே?” என்று கேட்டாள். “ரெண்டு” என்று எழுதிவிட்டான். இரண்டாவது பொய்க்கு எண்ணும் பொருத்தமாக அமைந்தது.

அன்றிலிருந்து கவினை அவன் பொறுப்பாக வளர்த்தான். வருஷம் பிறந்ததும் தவறாமல் வகுப்பேற்றினான். தற்பெருமை கூடாது என்று வகுப்பில் பதினான்காம் பிள்ளையாக வைத்திருந்தான். விமலநாதன் ஐயாவின் பேரன் போன வருஷமும் ஐந்தாம் ஆண்டில் ஒரே தடவை எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தான், இந்த வருஷமும் அதற்குத்தான் படிக்கிறான். ஐயாவுக்கு இரண்டு பேரன்கள் போலும் என்று கிருஷ்ணராஜ் நினைத்துக்கொண்டான்.

முதலில் அவன் பயந்தது பெரியதம்பிக்குத்தான். வேன் ஓட்டுகிறவருக்குத் தன் வேனில் யார் ஏறுகிறார்கள் என்று தெரியாமல் போகுமா? ஆனால் கவினைப் பற்றி என்ன எழுதினாலும் பெரியதம்பி ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அத்தனை பிள்ளைகளில் மனுஷர் எந்தப் பிள்ளையை ஞாபகம் வைத்திருப்பார் என்று இவன் தன்னைச் சமாதானம் செய்துகொண்டான். வேன் கட்டணத்தைப் பற்றியும் குழுவில் ஒரு வார்த்தை வரவில்லை. நேரில் வாங்கிக்கொள்வாராக்கும்.

போன டிசம்பரில் பள்ளிக்கூடம் முடிந்தபோது பலர் குழுவைவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர் மிஞ்சினார்கள். தினமும் காலை ஆறு பத்துக்கு, “வேன் கெளம்பிருச்சு” என்று பெரியதம்பி போடுவார். மற்ற எட்டுப் பேரும் “ஓகே அண்ணே” போடுவார்கள். அதன்பிறகு யாருக்கு முதுகு வலி, யார் வீட்டில் என்ன கறி, மழை எங்கே பிடித்துக்கொண்டது என்று பேச்சு ஓடும். ஒருவர் கடுகண்ணாவையில் இருந்தார், ஒருவர் வத்தேகமயில் இருந்தார். கண்டிக்கு அந்தப் பக்கத்து மூலையையும் இந்தப் பக்கத்து மூலையையும் தொட்டுவிட்டு ஏழரைக்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் பெரியதம்பியின் சாமர்த்தியத்தைக் கிருஷ்ணராஜ் பல நாள் வியந்திருக்கிறான். வேன் பிந்தியது என்று இந்தப் பெற்றோர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படித் தங்கமான மனிதர்கள்.

இத்தனைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தீபாவளிக்கு விமலநாதன் ஐயா பனங்கட்டி பார்சல் அனுப்பினார், அவ்வளவுதான்.

இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பெரியதம்பி ஒரு தட்டுத் தட்டி அவனை வெளியே எடுத்துவிடுவார். பிள்ளை இல்லாதவனுக்கு வேன் குழுவில் என்ன வேலை? அதன்பிறகு அவன் சாப்பிட்டானா என்று கேட்க இந்த உலகத்தில் ஒரு ஆள் மிஞ்சாது. அதையே நினைத்துக்கொண்டு நின்றான். பஸ் இறங்கும் இடத்தையும் தாண்டிப் போய்விட்டது.

நடந்து திரும்பி வரும் வழியில் எழுதினான்: “கவினுக்குக் காய்ச்சல். நாங்க வர்றது கஷ்டம். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க.”

பூங்கா விஷயம் வந்து ஒரு மணி நேரமாகியும் அதுவரை யாரும் வருகிறேன் என்று எழுதியிருக்கவில்லை. இப்போது ஒரு நிமிஷத்துக்குள் எட்டுப் பேரும் எழுதினார்கள்.

“கவின் இல்லாம எப்படி? பூங்கா எங்கயும் ஓடிறாது.”

“பிள்ளை சுகமாகட்டும் முதல்ல. பிறகு பாப்பம்.”

“ஆமா, தள்ளிப் போடுவோம். ரொம்ப தள்ளிப் போட்டாலும் பரவால்ல.”

கிருஷ்ணராஜுக்குக் கண் கலங்கியது. இல்லாத பிள்ளைக்காகப் பயணத்தையே நிறுத்துகிற மனிதர்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார்கள்?

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். நிஷாந்தினி விடவில்லை. அவள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். அடுத்த நாள் காலையில், “எத்தன நாளாக் காய்ச்சல்?” என்று கேட்டாள்.

ஒரு நாள் காய்ச்சலுக்கா பயணத்தை நிறுத்தினோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, “மூணு நாளா” என்றான்.

“மூணு நாளா? அண்ணே, இது டெங்குக் காலம். இப்பவே ரத்தம் குடுத்து பிளேட்லட் பாருங்க. பாத்துட்டு நம்பரப் போடுங்க.”

கையுறைக்குச் சிறிய அளவு எது, பெரிய அளவு எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவான். பிளேட்லட் ஒரு மனிதனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. மனதில் தோன்றிய எண்ணைப் போடவும் மனம் வரவில்லை. அளந்து பார்க்காமல் எண் எழுதுவது தரக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அழகல்ல. கன்டீனில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பல்லேகல மைதானத்தில் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம். திரையின் மூலையில் 142 என்று இருந்தது. அதுவாவது யாரோ பொறுப்பான ஆள் எண்ணிப் பார்த்த எண்.

“நூத்தி நாப்பத்திரெண்டு” என்று போட்டான்.

“ஆயிரமா?”

“ஆமா, ஆயிரம்.”

“கொறையப் பாக்குது. பின்னேரம் திரும்ப எடுத்துப் பாருங்க.”

பின்னேரம் எதிரணி ஆடிக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது என்பதும் மரியாதைக்குச் சொல்வது. கிருஷ்ணராஜ் மறுபடி கன்டீனுக்குப் போய்த் திரையைப் பார்த்து, உள்ளது உள்ளபடி, “அறுவத்தெட்டு” என்று எழுதினான்.

குழு ஆடிப்போய்விட்டது.

“அறுவத்தெட்டா? ஐயோ அண்ணே, ஒடனே ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டு போங்க.”

“பப்பாளி இலைச் சாறு குடுங்கோ. நான் இப்ப இலை பிடுங்கிறன்.”

“டொக்டர் வீட்ல வச்சுப் பாக்கச் சொல்லிட்டாரு” என்று கிருஷ்ணராஜ் எழுதினான். ஏழு விக்கெட் போய்விட்டது என்பதை மட்டும் சொல்லாமல் மறைத்துக்கொண்டான்.

அதன்பிறகு நடந்தவற்றுக்கு அவன் பொறுப்பல்ல. அன்புதான் பொறுப்பு. நிஷாந்தினி அவனைப் பேஸ்புக்கில் தேடிப் பிடித்து, ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு, ‘எங்கள் குட்டிக் கவின் சீக்கிரம் சுகமாக வேண்டும்’ என்று அவன் பெயரோடு பதிந்துவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சொந்தக்காரரும் அதைப் பார்த்தார்கள். நாலு வருஷமாகப் பேசாத வத்தேகம அத்தை பேச்சியம்மா முதல் ஆளாகப் போன் எடுத்தாள்.

“ஏன்டா, புள்ளைக்குக் காய்ச்சலாமே? கட்டுனதையும் சொல்லல, பெத்ததையும் சொல்லல. பொண்ணு எந்தூரு?”

“அத்தே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா? கட்டாமயா?”

“அத்தே, நான் அப்பறம் பேசுறேன்.”

“மொட்டையாவது போட்டியா இல்லையா? அத மட்டும் சொல்லிட்டு வையி.”

“போட்டாச்சு” என்று சொல்லிவிட்டு வைத்தான். அவளைச் சமாதானப்படுத்த அதுதான் குறுக்கு வழி. பத்து நிமிஷத்தில் மற்ற முந்நூற்றுப் பதினோரு பேருக்கும், மொட்டை போட்ட விசேஷத்துக்குத் தங்களை அழைக்கவில்லை என்ற கோபம் வந்து சேர்ந்தது.

விமலநாதன் ஐயா வேறு வழியில் போனார். பென்ஷன் எடுத்த பிறகும் லிங்க்டினை விடாதவர் அவர். கிருஷ்ணராஜின் பக்கத்தில் போய், “தம்பி, உத்தியோகம் கிடக்கட்டும். இந்த நேரத்தில் நீர் முதலில் ஒரு தகப்பன்” என்று எழுதினார். எண்ணூற்றுப் பதினாலு பேரில் முழுதாகப் படித்தவர் ஒருவருமில்லை. ஒரு மணி நேரத்துக்குள், புதிய பதவியில் சிறக்க வாழ்த்துகள் என்று நூற்றெண்பது பேர் எழுதினார்கள். ஒருவர் அங்கே வேறு வெற்றிடம் இருக்கிறதா என்று விசாரித்து, தன் சுயவிவரத்தையும் இணைத்திருந்தார்.

தொழிற்சாலை மனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். “கிருஷ்ணராஜ், ஒங்க பைல்ல கல்யாணம் ஆகலன்னு இருக்கே” என்றார். கிருஷ்ணராஜ் தரையைப் பார்த்தான். மனேஜர் அந்தத் தரையில் பெரிய சோகக் கதை ஒன்றைக் கண்டிருக்க வேண்டும். “நான் ஒண்ணும் கேக்கல. மூணு நாள் லீவு எடுத்துக்கிட்டுப் புள்ளையப் பாருங்க” என்றார்.

லீவு எடுத்து வீட்டில் இருந்த முதல் நாள் காலையில் பீ.எச்.ஐ. வந்து நின்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். விமலநாதன் ஐயா முன்பு சுகாதாரத் திணைக்களத்தில் கிளாக்காக இருந்தவர். டெங்கு என்று கேள்விப்பட்டால் அறிவிக்க வேண்டியது கடமை என்று, பனங்கட்டிப் பார்சல் அனுப்பிய விலாசத்தை அப்படியே கொடுத்திருந்தார்.

கிருஷ்ணராஜ் குடியிருந்தது குண்டசாலையில், திரேசா அம்மாவின் வீட்டோடு ஒட்டிய ஒரு அறையும் சமையல் மூலையும். திரேசா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தவர். அவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இஞ்ச பிள்ளை ஒண்டும் இல்லை. நீங்கள் வீடு மாறி வந்திட்டீங்கள்.”

பீ.எச்.ஐ. கடதாசியைக் காட்டினார். “விலாசம் இதுதான் மிஸ். நாலாம் ஆண்டுப் பிள்ளை.”

திரேசா அம்மா திரும்பிக் கிருஷ்ணராஜைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அறிக்கை விமலநாதன் ஐயாவிடம் போகும், அவரிடமிருந்து குழுவுக்குப் போகும். அவன் தலையைக் குனிந்து, “உள்ள தூங்குறான் டீச்சர்” என்றான்.

திரேசா அம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளின் இரைச்சலில் வாழ்ந்தவர். “ரெண்டு வருஷமாய் ஒரு சத்தம் இல்லாமல் பிள்ளை வளர்த்திருக்கிறீர்” என்றார். குரலில் கோபத்தைவிட மரியாதைதான் தூக்கலாக இருந்தது.

பீ.எச்.ஐ. பிள்ளையைத் தேடவில்லை, டெங்கு பரப்பும் நுளம்பைத்தான் தேடினார். திரேசா அம்மாவின் அந்தூரியச் சாடிக்குக் கீழே இருந்த தட்டில் கண்டும் பிடித்தார். எச்சரிக்கைக் கடதாசி திரேசா அம்மாவின் கைக்கே போனது. அதற்கும் கிருஷ்ணராஜ்தான் காரணம் என்று அவர் நினைத்திருக்கலாம். அதில் தவறும் இல்லை.

அன்று பதினொரு மணிக்கு நிஷாந்தினியிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணே, மனசு கேக்கல. நானும் ஐயாவும் குண்டசாலையில எறங்கிட்டோம். பத்து நிமிஷத்துல வந்துருவோம்.”

பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளையை உண்டாக்க யாரால் முடியும்? கிருஷ்ணராஜால் முக்கால்வாசி முடிந்தது. கட்டிலில் நீளத் தலையணையைக் கிடத்தினான். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு ஈரத் துவாயைப் போட்டான். நுளம்பு வலையை இறக்கிவிட்டான். பார்த்தால் தலையணைக்குத் துவாய் போட்ட மாதிரியே இருந்தது. அப்போதுதான் அலுமாரியில் கிடந்த மாதிரிக் கையுறைகள் ஞாபகம் வந்தன. தோல் நிறம், ஆகச் சிறிய அளவு. ஒன்றில் பஞ்சை அடைத்து, போர்வைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிவைத்தான். ஐந்து விரலும் இருக்கிறதா என்று பழக்க தோஷத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

வந்தார்கள். நிஷாந்தினி ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்டிருந்தாள். விமலநாதன் ஐயா வெள்ளைக் காற்சட்டையும் குடையுமாக, கையில் போத்தல் நிறையப் பச்சைச் சாறோடு வந்தார். இரண்டு வருஷமாகக் குரலும் எழுத்துமாக இருந்தவர்கள் உடம்போடு முன்னால் நின்றதும் கிருஷ்ணராஜுக்குச் சந்தோஷத்தில் கட்டிலையே மறந்துபோயிற்று.

“எங்க நம்ம ஆளு?” என்றாள் நிஷாந்தினி.

“இப்பதான் தூங்குனான். எழுப்ப வேணாம்.”

“எழுப்பல அண்ணே.” வலைக்கு வெளியே நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தாள். அவள் வலைக்குள் கையை விட்டு, கையுறையை மெதுவாகப் பிடித்தாள். “நல்லா ஜில்லுன்னு இருக்கு. காய்ச்சல் விட்டிருச்சு.”

“விடும், விடும், நான் பாக்கிறன்” என்று விமலநாதன் ஐயா முன்னால் வந்தார். இரண்டு விரலால் கையுறையின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றார். “நாடி ஒழுங்காய் ஓடுது. எழுபத்திரண்டு.”

“மூக்கு அப்படியே அப்பா மூக்கு” என்றாள் நிஷாந்தினி, துவாயைப் பார்த்து.

கிருஷ்ணராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இவர்கள் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள்தானா? பிறகு, அது கையுறையின் தரம் என்று தனக்குள் தீர்மானித்துக்கொண்டான். பதினைந்து வருஷ உழைப்பு வீண் போகவில்லை என்று பெருமையாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரேசா அம்மா கஞ்சிக் கோப்பையோடு வந்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கட்டிலருகே முழந்தாளிட்டு, செபமாலையை எடுத்து, தலையணைக்காக உருக்கமாக மன்றாடினார். நிஷாந்தினி கண்ணைத் துடைத்தாள். கிருஷ்ணராஜும் துடைத்தான். தனக்காக இப்படி யாரும் அழுததில்லை என்பது அவனுக்குத் தெரியும். கவின் கொடுத்துவைத்தவன்.

போகும்போது விமலநாதன் ஐயா குடையை ஊன்றி நின்று சொன்னார். “தம்பி, நான் நேர்த்தி வச்சிட்டன். பிள்ளைக்குச் சுகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு எல்லாருமாய்ச் சேந்து அருச்சினை. சுகம் வந்திட்டுது. ஒன்பது பேரும் வரவேணும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

சொல்லிவிட்டுக் கொஞ்சம் தடுமாறியவர்போல நின்று, “ஏலாட்டி, கட்டாயம் இல்லை” என்றார்.

ஆனால் நேர்த்தி நேர்த்திதான். பூங்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். பிள்ளையாருக்கு என்ன சொல்வது? சனிக்கிழமை முழுவதும் கிருஷ்ணராஜ் யோசித்தான். கவினை வத்தேகம அத்தை வீட்டுக்கு அனுப்பலாம். மறுபடி காய்ச்சல் வரவழைக்கலாம், திங்கட்கிழமை வேறு ஆட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்து முடித்தபோது களைப்பாக இருந்தது. கஞ்சி, சாறு, செபமாலை, லீவு என்று எல்லாரிடமும் வாங்கியாகிவிட்டது. இனிமேல் ஏமாற்ற முடியாது. போய்ச் சொல்லிவிடுவோம், நீக்கினால் நீக்கட்டும் என்று முடிவு செய்தான். அந்த முடிவு அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டுக்கலைக் கோயில் வாசலில் ஒன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். பேர் சொல்லி, முகம் பார்த்து, கை பிடித்து ஒரே ஆரவாரமாக இருந்தது. கடுகண்ணாவைக்காரர் இரண்டு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். கடைசியாக பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் பெரியதம்பி, ஐம்பது வயது மதிக்கத்தக்க, நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை வேனுக்கும் லீவுதானே.

“புள்ளைகளக் காணோமே?” என்று யாரோ கேட்டார்கள். கேட்டவருக்கே கேட்டது தப்பு என்று பட்டதுபோல இருந்தது.

“என்ர பேரனுக்கு வகுப்பு. புலமைப்பரிசில் எல்லோ” என்றார் விமலநாதன் ஐயா.

“எம் மக மாமி வீட்டுக்குப் போயிட்டா” என்றாள் நிஷாந்தினி.

கடுகண்ணாவைக்காரர் மகனுக்கு வயிற்றுப்போக்கு. வத்தேகமக்காரர் மகளுக்கு நடன வகுப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு வேலை வந்திருந்தது. “கவின் அத்தை வீட்ல” என்று கிருஷ்ணராஜும் சொல்லிவைத்தான். கோயில் வாசலிலேயே சொன்ன பொய் நெஞ்சைக் குத்தியது.

உள்ளே ஐயர் தட்டை வாங்கினார். “யார் பேருக்கு?”

“கவின்” என்றார்கள் ஒன்பது பேரும்.

“நட்சத்திரம்?”

பெற்றவனை எல்லாரும் பார்த்தார்கள். பெற்றவன் பிள்ளையாரைப் பார்த்தான்.

“பூரட்டாதி” என்றார் விமலநாதன் ஐயா. “போன வருஷமும் அவன்ர பேரில ஒரு அருச்சினை செய்தனான். அப்பவும் பூரட்டாதி எண்டுதான் சொன்னனான்.”

ஐயர் அர்ச்சனை முடித்துத் திருநீற்றை நீட்டினார். “குழந்தை எங்க? நெத்தியில வச்சுவிடலாம்.”

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் மேலே தொங்கிய மணியைப் பார்த்தார்கள். பிறகு நிஷாந்தினி திருநீற்றைக் கடதாசியில் மடித்துக் கிருஷ்ணராஜின் சட்டைப் பைக்குள் வைத்தாள். “போனதும் பூசிவிடுங்க அண்ணே.”

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பெரியதம்பியைச் செருப்பு வைக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். குழுவை நடத்துகிறவர் அவர். தண்டனையும் அவர் கையால் கிடைக்கட்டும்.

“அண்ணே, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்.”

“சொல்லுங்க சார்.”

“சொன்னதும் என்னைய நீக்கிருவீங்க. பரவால்ல. மத்தவங்களுக்கு மட்டும் நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க.”

பெரியதம்பி வாழைப்பழத்தை உரித்தபடி அவன் முகத்தைப் பார்த்தார்.

கிருஷ்ணராஜ் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். “கவின்னு ஒரு புள்ள இல்லண்ணே. எனக்குக் கல்யாணமே ஆகல. நீங்க நம்பர் மாறிச் சேத்துட்டீங்க. எல்லாரும் நல்லாப் பேசுனாங்க, அதான் போக மனசு வரல. ரெண்டு வருசமா ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். ஒங்க வேன்ல எம் புள்ள ஒரு நாளும் ஏறுனதில்ல.”

பெரியதம்பி பழத்தில் பாதியைப் பிட்டு அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அதுக்கென்ன சார், எனக்கு மட்டும் வேனா இருக்கு? போன டிசம்பர்லயே வித்துட்டேன், நாளைக்கு ஆறு பத்துக்கு மெசேஜ் போடுறேன், மறக்காம ஓகே போட்டுருங்க.”